காட்டு மண்ணில் பூஞ்சைக்கு எது பஞ்சம்?

மழை பெய்த மறுநாள் காட்டில் முளைத்து நிற்கிற காளானுக்கு வேரும் இல்லை, இலையும் இல்லை. பிறகு மண்ணிலிருந்து அது எப்படிச் சத்தை எடுக்கிறது, அதைப் பறித்துவிட்டால் அடியில் இருப்பது செத்துப்போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பறிப்பதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில் இதுதான்: காளான் சத்தை எடுப்பதே இல்லை. வித்துகளைக் காற்றில் விடுவதற்காக மேலே வந்த உறுப்பு அது. சத்தை எடுக்கிற வேலை முழுவதும் அடியில், மண்ணிலும் இலைச்சருகிலும் செத்த மரத்திலும் பரவிக் கிடக்கும் நூல்களால் ஆன உடலில், அதாவது மைசீலியத்தில் நடக்கிறது. ஒவ்வொரு இழையும் நொதிகளை வெளியே விட்டு, உணவு இருக்கும் இடத்திலேயே அதைக் கரைத்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்கிறது. நாம் தின்றுவிட்டுச் செரிக்கிறோம். பூஞ்சை செரித்துவிட்டுத் தின்கிறது.

பள்ளிப் பாடம் இதற்குச் 'சாறுண்ணி' என்று பெயர் சொல்லி நிறுத்திக்கொள்ளும். அங்கேயே நின்றுவிட்டால் காட்டில் நடப்பதில் பாதிகூடப் பிடிபடாது என்பது என் கருத்து. ஏனென்றால் காட்டில் பூஞ்சைக்குக் கார்பன் ஒரு பிரச்சினையே இல்லை. சுற்றிலும் மரம், சருகு, சுள்ளி, வேர், எல்லாமே கார்பன். பஞ்சம் நைட்ரஜனுக்கும் பாஸ்பரஸுக்கும்தான். அந்தப் பஞ்சத்தை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், பூஞ்சைகள் செய்கிற விசித்திரமான காரியங்கள் எல்லாம் ஒரே காரணத்திலிருந்து கிளம்புவது தெரியும்.

முதலில் இழையைப் பார்த்துவிடுவோம். பெரும்பாலான இழைகளின் தடிமன் 2 முதல் 10 மைக்ரோமீட்டர். மெல்லிய இழை, நம் தலைமுடியில் இருபதில் ஒரு பங்குதான் இருக்கும். வளமான காட்டு மண் ஒரே ஒரு கிராமில் நூற்றுக்கணக்கான மீட்டர் நீளத்துக்கு இழை இருக்கலாம். இழை வளர்வது நுனியில் மட்டும். நுனியில் செல்சுவர் இன்னும் இறுகாமல் இளக்கமாக இருக்கும். உள்ளே இருக்கும் நீரின் அழுத்தம் அதை முன்னால் தள்ளிக்கொண்டே போகும். நொதிகளைச் சுமந்துவரும் நுண்பைகளும் அங்கேதான் வந்து குவிந்து, வெளிப்பக்கமாகத் திறந்துகொள்ளும். ஆகவே புதிய இடத்தைத் தொடுவதும் அங்கே நொதியைக் கொட்டுவதும் ஒரே நேரத்தில் நடக்கிறது.

கரைத்தது தானாக உள்ளே வந்துவிடாது. மண்நீரில் பாஸ்பேட் மிகமிகக் குறைவு. இழைக்குள்ளே அதைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல் செறிந்திருக்கும். குறைவான இடத்திலிருந்து நிறைந்த இடத்துக்கு ஒரு பொருளை இழுக்க ஆற்றல் செலவழித்தாக வேண்டும். பூஞ்சை தன் செல்சவ்வில் உள்ள பம்புகளால் புரோட்டான்களை இடைவிடாமல் வெளியே தள்ளுகிறது. தள்ளப்பட்ட புரோட்டான்கள் திரும்ப உள்ளே வர முயலும்போது, அவற்றுக்கான வழியாக இருக்கும் கடத்திப் புரதங்கள் ஒரு பாஸ்பேட்டையோ ஓர் அமினோ அமிலத்தையோ ஒரு சர்க்கரை மூலக்கூறையோ கூடவே உள்ளே கொண்டுவந்துவிடும். வெளியே தள்ளிய புரோட்டான்களால் இழையைச் சுற்றியுள்ள மண் கொஞ்சம் அமிலமாகிறது. அதுவும் வீணில்லை; அமிலத்தில் சில தாதுக்கள் கூடுதலாகக் கரையும்.

இனி மரத்துக்கு வருவோம். மரக்கட்டையில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 300 முதல் 1000 பங்கு வரை கார்பன் இருக்கும். பூஞ்சையின் உடலிலோ ஒரு பங்குக்கு ஏறத்தாழ 10 அல்லது 20 பங்குதான். மரத்தைத் தின்று தன் உடலை வளர்க்க வேண்டுமென்றால் அது எவ்வளவு மரத்தைக் கரைத்தாக வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். போதாக்குறைக்கு, நொதி என்பதே புரதம். புரதம் என்றால் நைட்ரஜன். வெளியே விடுகிற ஒவ்வொரு நொதியும் பூஞ்சைக்குக் கையிருப்பிலிருந்து போகிற செலவு.

மரத்தைக் கரைப்பதில் இரண்டு வழிகள் உண்டு. காட்டில் விழுந்து கிடக்கும் கட்டைகளைப் பார்த்தே எது எதுவென்று சொல்லிவிடலாம். கட்டை வெளுத்து, லேசாகி, விரலால் இழுத்தால் நார்நாராகப் பிரிந்து வந்தால் அது வெண்ணழுகல். செல்லுலோஸைச் சூழ்ந்து பாதுகாக்கிற லிக்னினையும் சேர்த்தே உடைக்கும் பூஞ்சைகளின் வேலை. கட்டை பழுப்பாகி, குறுக்கும் நெடுக்கும் வெடித்து, சதுரச் சதுரத் துண்டுகளாகப் பெயர்ந்து, விரல் நடுவில் தேய்த்தால் பொடியாகிவிட்டால் அது பழுப்பழுகல். இந்த இரண்டாம் வகைப் பூஞ்சைகள் லிக்னினைப் பெரும்பாலும் விட்டுவிட்டு உள்ளே இருக்கும் செல்லுலோஸ் போன்றவற்றை எடுக்கின்றன. நொதிகள் பெரிய மூலக்கூறுகள். சிதையாத மரத்தின் நுண்துளைகளுக்குள் அவற்றால் நுழைய முடியாது. அதனால் இவை இரும்பையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் சந்திக்க வைத்து, ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்கிற மூர்க்கமான சிறு துகளை மரத்துக்குள்ளேயே உண்டாக்குகின்றன. அது போகிற வழியில் செல்லுலோஸ் சங்கிலிகளை அறுத்துப்போடும். நைட்ரஜன் செலவில்லாமல் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

வெண்ணழுகல் பூஞ்சைகளில் அதிகம் ஆராயப்பட்ட ஃபனரோகீட்டே கிரைசோஸ்போரியம் ஒரு நல்ல சாட்சி. ஆய்வகத்தில் அதற்கு நைட்ரஜன் தாராளமாகக் கிடைக்கும்வரை லிக்னினைத் தொடாது. நைட்ரஜன் தீர்ந்த பிறகுதான் லிக்னினை உடைக்கும் ஏற்பாடு முடுக்கிவிடப்படுகிறது. லிக்னினை உடைப்பதால் அதற்குப் பெரிய ஆற்றல் லாபம் கிடையாது. அது உள்ளே போவதற்கான வழி, அவ்வளவுதான்.

பஞ்சம் முற்றினால் பூஞ்சை வேட்டைக்கும் போகும். நம் ஊரில் வைக்கோல் பைகளில் வளர்க்கிற சிப்பிக் காளான் இருக்கிறதே, அது காட்டில் செத்த மரத்தில் வளரும் வெண்ணழுகல் பூஞ்சை. மரத்துக்குள் நூற்புழுக்கள் திரியும். சிப்பிக் காளானின் இழைகளில் நுண்ணிய உருண்டைகள் காம்பில் வைத்ததுபோல் நிற்கும். புழு வந்து இடித்தால் உருண்டை உடைந்து நஞ்சு அதன்மேல் படும். சில நிமிடங்களில் புழு அசைவற்றுப்போகும். பிறகு இழைகள் அதன் உடலுக்குள் புகுந்து கரைத்து உறிஞ்சும். இந்த வேட்டை 1984இல் வெளியுலகுக்குத் தெரிந்தது; உருண்டைக்குள் இருக்கும் நஞ்சு 3-ஆக்டனோன் என்று தைவான் ஆய்வாளர்கள் 2023இல் கண்டுபிடித்தார்கள். சைவச் சமையலில் இறைச்சிக்கு மாற்றாக நாம் போடுகிற ஒரு காளான், காட்டில் நைட்ரஜனுக்காகப் புழு பிடிக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதே இல்லை.

கிடைத்ததை இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோவதும் ஒரு திறமை. பல காட்டுப் பூஞ்சைகள் ஆயிரக்கணக்கான இழைகளை ஒன்றாகத் திரட்டிக் கயிறுபோல் ஆக்கிக்கொள்கின்றன. சருகைத் தள்ளினால் வெள்ளை வெள்ளையாக ஒரு கட்டையிலிருந்து இன்னொரு கட்டைக்கு ஓடுவது அதுதான். தீர்ந்துபோன கட்டையில் மிஞ்சிய நைட்ரஜனையும் பாஸ்பரஸையும், ஏன், தன் சொந்தப் பழைய இழைகளையே கரைத்து எடுத்ததையும், இந்தக் கயிறு வழியாகப் புதுக் கட்டைக்கு அனுப்பிவிடும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மால்ஹியூர் தேசிய வனத்தில் இருக்கும் ஓர் ஆர்மில்லேரியா பூஞ்சை, கறுத்த பூட்ஸ் கயிறு மாதிரியான இழைத்திரள்களால் மண்ணுக்கடியில் மரத்துக்கு மரம் பரவி, ஏறத்தாழ 965 ஹெக்டேரைப் பிடித்திருக்கிறது. மரபணுச் சோதனையில் அத்தனையும் ஒரே உயிர்.

இதுவரை சொன்னது செத்ததைத் தின்னும் பூஞ்சைகள். மண்ணிலிருந்து சத்தெடுப்பது என்று பார்த்தால் இன்னொரு கூட்டம்தான் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. அவை கார்பனை உயிருள்ள மரத்திடமே சர்க்கரையாக வாங்கிக்கொள்கின்றன. தங்கள் முழு உழைப்பையும் மண்ணில் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் தேடுவதில் போடுகின்றன. இந்த உறவுக்கு மைக்கோரைசா என்று 1885இல் பெயர் வைத்தவர் ஜெர்மன் தாவரவியலாளர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க். பிரஷ்ய அரசு அவரிடம் ஒப்படைத்த வேலை, விலையுயர்ந்த டிரஃபிள் காளானைப் பயிரிட வழி தேடுவது. டிரஃபிள் சாகுபடிக்கு வழி கிடைக்கவில்லை. ஆனால் மரவேரைப் பூஞ்சை உறைபோல் போர்த்தியிருப்பதையும், அதனால் மரம் நோயாளியாகாமல் செழிப்பாகவே இருப்பதையும் கவனித்தார்.

கொடைக்கானல், ஊட்டிப் பக்கத்துப் பைன் தோப்புகளில் இதை நேரிலேயே பார்க்கலாம். ஊசியிலைச் சருகை ஒரு கை அளவு விலக்கி, மேல்மண்ணில் ஓடும் நூல்வேர் ஒன்றைக் கிள்ளி, கொஞ்சம் தண்ணீரில் அலசிக் கைலென்ஸ் வைத்துப் பாருங்கள். வேர்நுனிகள் கூர்மையாக இருக்காது. குட்டையாக, தடித்து, இரண்டு இரண்டாகக் கவைத்து நிற்கும். வேர்த்தூவி ஒன்றுகூட இருக்காது. வெளியே தெரிகிற வெள்ளை அல்லது பழுப்புப் போர்வை பூஞ்சையுடையது. அதிலிருந்து இழைகள் மண்ணுக்குள் நாலாபக்கமும் ஓடும். உள்ளே வேரின் செல்களுக்கு இடையில் வலைபோல் ஊடுருவி நிற்கும் இழைகள்தான் கொடுக்கல் வாங்கல் நடக்கும் இடம். அதாவது அந்தப் பைன் மரத்தின் வேர்நுனி மண்ணை நேரடியாகத் தொடுவதே இல்லை.

பாஸ்பரஸ் கதை இதில் மையமானது. பாஸ்பேட் மண்ணில் நகராது. இரும்பு, அலுமினியம், கால்சியம் இவற்றோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டரில் இருப்பதை எடுத்துவிட்டால், அந்த வெற்றிடத்தை நிரப்பப் புதிதாக எதுவும் வந்து சேராது. இழையோ பல சென்டிமீட்டர் தள்ளிப் போகும், வேர் புக முடியாத மண் இடுக்குகளில் நுழையும். அங்கே ஆக்சாலிக் அமிலத்தை விட்டு, பாஸ்பேட்டைப் பிடித்துவைத்திருக்கும் இரும்பையும் அலுமினியத்தையும் கவர்ந்து பிரிக்கும். கரிமப் பொருளில் சிக்கிய பாஸ்பரஸைப் பாஸ்பட்டேஸ் நொதிகளால் வெட்டியெடுக்கும். எடுத்ததை நீண்ட பாலிபாஸ்பேட் சங்கிலிகளாகக் கோத்துத் தன் நுண்குமிழிகளில் அடைத்து வேர்வரை அனுப்பும். இரும்புக்கும் தனி ஏற்பாடு உண்டு: சிடரோஃபோர் என்கிற சிறு மூலக்கூறுகளை வெளியே அனுப்பி, அவை இரும்பைப் பற்றிக்கொண்டதும் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும்.

1997இல் வடக்கு ஐரோப்பிய ஊசியிலைக் காட்டு மண்ணை ஆராய்ந்தவர்கள், ஃபெல்ஸ்பார் கனிமத் துகள்களுக்குள் 3 முதல் 10 மைக்ரோமீட்டர் அகலத்தில் வழவழப்பான சுரங்கங்களைக் கண்டு, பூஞ்சை பாறையைத் தின்கிறது என்று எழுதினார்கள். படங்களைப் பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் கனிமம் கரைவதில் அந்தச் சுரங்கங்களின் பங்கு மிகச் சிறியது என்று பின்னால் அளந்து பார்த்ததில் தெரிந்தது. இழைகள் துகள்களின் மேற்பரப்பில் படர்ந்து அமிலத்தால் அரிப்பதைத்தான் கணக்கில் பெரிதாக வைக்க வேண்டும்.

நைட்ரஜனைப் பொறுத்தவரை குளிர்நாட்டுக் காட்டு மண்ணில் பெரும்பகுதி சருகிலும் மட்கிலும், டானின் என்கிற துவர்ப்புப் பொருள்களோடு பிணைந்த புரதமாகக் கிடக்கிறது. மரவேரால் அதைத் தொட முடியாது. வேர்ப்பூஞ்சைகளில் பல புரதத்தை உடைத்து அமினோ அமிலங்களாகவே எடுத்துக்கொள்கின்றன. சில இன்னும் ஒரு படி மேலே போகும். 2001இல் கனடாவில் செய்த ஒரு சோதனையில், லக்காரியா பைகலர் என்ற பூஞ்சை மண்ணில் துள்ளித் திரியும் ஸ்பிரிங்டெயில் பூச்சிகளைக் கொன்று கரைத்தது. வெள்ளைப் பைன் நாற்றுகளுக்குக் கிடைத்த நைட்ரஜனில் 25 சதவீதம் வரை அந்தப் பூச்சிகளிடமிருந்து வந்திருந்தது. சர்க்கரை வாங்கிக்கொண்டு பூச்சியைக் கொன்று மரத்துக்கு ஊட்டியிருக்கிறது.

இந்தப் பூஞ்சைகளின் மூதாதைகள் மரத்தையும் சருகையும் அழுகவைத்துப் பிழைத்தவை. மரத்தோடு உறவு ஏற்பட்டபின் செல்சுவரை உடைக்கும் மரபணுக்களில் பெரும்பகுதியை இழந்துவிட்டன. 2008இல் லக்காரியாவின் மரபணுத் தொகுதியைப் படித்தபோதே இது தெளிவாயிற்று. மரம் சர்க்கரை தரும்போது அந்தக் கருவிகள் எதற்கு? ஆனால் கார்ட்டினேரியஸ் பேரினத்துப் பூஞ்சைகள் சில, லிக்னினைத் தாக்கும் பெராக்சிடேஸ் நொதிகளை விடாமல் வைத்திருக்கின்றன. காரணம் கார்பன் ஆசை இல்லை. மட்கில் புதைந்த நைட்ரஜனைத் தோண்ட அது வேண்டியிருக்கிறது.

ஆக ஒரே மண்ணில் இரண்டு கூட்டமும் ஒரே நைட்ரஜனுக்குப் போட்டியிடுகின்றன. நியூசிலாந்தில் ரூத் கேட்கில், பீட்டர் கேட்கில் என்ற இருவரும் ரேடியேட்டா பைன் தோப்பில் அகழி வெட்டி, மரவேரும் வேர்ப்பூஞ்சையும் வராதபடி சில இடங்களைத் தனித்து வைத்தார்கள். அங்கே சருகு வேகமாக மக்கியது. 1971இல் இதை வெளியிட்டபோது அவர்கள் சொன்ன விளக்கம்: வேர்ப்பூஞ்சைகள் நைட்ரஜனை வாரிக்கொள்வதால் சருகுண்ணிப் பூஞ்சைகள் பட்டினி கிடக்கின்றன, அதனால்தான் சருகு மெதுவாக மக்குகிறது. எல்லாக் காட்டிலும் இது நடப்பதில்லை. நடக்கிற இடங்களில் மண்ணில் தங்கும் கார்பனின் அளவே இதனால் மாறுகிறது.

நம் பக்கத்துக் காடுகளுக்கு வந்தால் படம் வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காட்டு மரங்களில் பெரும்பான்மை நாவல் குடும்பம், லவங்கப்பட்டைக் குடும்பம் போன்றவை. இவற்றின் வேரில் இருப்பது ஆர்பஸ்குலர் வகை. நம் விவசாயிகளுக்கு 'வேம்' என்றும் வேர் உட்பூசணம் என்றும் பொட்டலத்தில் அறிமுகமான அதே கூட்டம். இவை வேரின் செல்லுக்குள்ளேயே புகுந்து, நுண்ணிய மரம்போல் கிளைத்து, பாஸ்பேட்டைக் கொடுத்துச் சர்க்கரையும் கொழுப்பமிலமும் வாங்குகின்றன. கொழுப்பமிலத்தை முதலிலிருந்து தயாரிக்க இவற்றுக்கே தெரியாது. செடிதான் கொடுக்கிறது என்பது 2017இல்தான் உறுதியானது. மேலே குடை விரிக்கும் காளான் எதையும் இவை முளைப்பிப்பதில்லை. ஆகவே சோலையில் நீங்கள் பார்க்கிற காளான்கள் பெரும்பாலும் சருகையும் மரத்தையும் கரைப்பவை.

விதிவிலக்கு டிப்டெரோகார்ப் குடும்பம். குங்கிலிய மரம், கோங்கு, வடக்கே சால், இலங்கையின் சிங்கராஜ வனத்து உயர்ந்த மரங்கள், இவற்றின் வேரில் பைனைப் போலவே போர்வை போட்ட பூஞ்சைகள் உண்டு. ஜார்க்கண்ட் சால் காடுகளில் மழைக்காலத்தில் மக்கள் சேகரித்துத் தின்னும் ருசுலா, ஆஸ்ட்ரேயஸ் காளான்கள் அப்படி மரத்தின் சர்க்கரையில் வளர்ந்தவை.

நீலகிரியின் பைன் வந்தேறி. அதன் பூஞ்சைகளும் வந்தேறிகள்தான். பைனுக்குப் பொருத்தமான பூஞ்சை இல்லாத மண்ணில் அந்த மரம் தேறாது. புவேர்ட்டோ ரிக்கோவில் பல ஆண்டுகள் பைன் நாற்றுகள் மஞ்சளாகிச் செத்துக்கொண்டிருந்தன. 1950களில் வட கரோலினாவிலிருந்து பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து போட்டபிறகுதான் பிழைத்தன. ஊட்டிப் பைன் தோப்பில் சிவப்புத் தொப்பியில் வெள்ளைப் புள்ளி வைத்த அமானிட்டா முளைத்திருந்தால், அது பைனோடு வந்து சேர்ந்த பூஞ்சை. நஞ்சுள்ளது, தொட்டுப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

புற்றுக்காளானைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதை அடியோடு தோண்டி எடுத்தவர்களுக்குத் தெரியும்: தண்டு மண்ணுக்குள் வேர்போல் நீண்டு, முழ நீளம்கூடப் போகும். ஆனால் அது எதையும் உறிஞ்சும் வேர் இல்லை. புற்றுக்குள் கரையான்கள் கட்டிவைத்திருக்கும் பூஞ்சைக் கூட்டிலிருந்து மேலே வருவதற்கான தண்டு. அந்தப் பூஞ்சைக்குச் சுள்ளியையும் புல்லையும் தேடிப்பிடித்து, மென்று, கூட்டில் சேர்ப்பது கரையானின் வேலை.

மரங்கள் பூஞ்சை வழியாக ஒன்றுக்கொன்று பேசிக்கொள்கின்றன, தாய்மரம் குட்டிமரத்துக்கு ஊட்டுகிறது என்று நீங்கள் படித்திருப்பீர்கள். 1997இல் சூசான் சிமார்ட் குழுவினர் கனடாவில் பிர்ச் மரத்துக்கும் டக்ளஸ் ஃபிர் மரத்துக்கும் இடையே கார்பன் போய்வருவதை ஐசோடோப்பு வைத்துக் காட்டியது உண்மை. அதன்மேல் கட்டப்பட்ட பேச்சில் பெரும்பகுதிக்குக் காட்டில் எடுத்த ஆதாரம் போதாது என்று, அந்தத் துறையிலேயே உழைத்த மூன்று ஆய்வாளர்கள் 2023இல் விரிவாக எழுதினார்கள். நான் அவர்கள் பக்கம். பூஞ்சையை மரங்களுக்கு நடுவே ஓடும் வெறும் குழாயாக்கிவிட்டால், தனக்கென்று பசியும் தேவையும் உள்ள ஓர் உயிரை நாம் பார்க்கத் தவறிவிடுகிறோம்.

இனி, பறித்தால் என்ன ஆகும்? சுவிட்சர்லாந்தில் 1975 முதல் 2003 வரை 29 ஆண்டுகள் இதைச் சோதித்தார்கள். சில இடங்களில் காளானைப் பிடுங்கினார்கள், சில இடங்களில் அறுத்தார்கள், சில இடங்களைத் தொடாமல் விட்டார்கள். பிடுங்கியதாலோ அறுத்ததாலோ அடுத்தடுத்த ஆண்டுகளில் விளைச்சல் குறையவில்லை; அடியில் மைசீலியம் அப்படியே இருந்தது. ஆனால் ஆட்கள் நடமாடி மிதித்த இடங்களில் காளான்களின் எண்ணிக்கை குறைந்தது.

உண்பதற்காகப் பறிப்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. பொட்டாசியத்தைத் தேடி எடுக்கும் பூஞ்சைக்கு, வேதியியலில் அதன் உறவான சீசியத்தைப் பிரித்தறியத் தெரியாது. 1986 செர்னோபில் அணு உலை விபத்தில் விழுந்த கதிரியக்கச் சீசியம்-137, ஏறத்தாழ 30 ஆண்டு அரைவாழ்வு கொண்டது, ஐரோப்பியக் காட்டு மட்கில் பூஞ்சைகளுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது. மண்ணுக்கடியில் விளையும் மான் டிரஃபிளைக் கிண்டித் தின்னும் காட்டுப்பன்றிகளின் இறைச்சி, பவேரியாவில் இன்றும் பல நேரங்களில் கிலோவுக்கு 600 பெக்கரல் என்ற வரம்பைத் தாண்டுகிறது. அதில் ஒரு பங்கு செர்னோபிலுக்கும் முந்தைய அணுகுண்டுச் சோதனைகளிலிருந்து வந்தது என்று 2023இல் கண்டறிந்தார்கள். ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்களையும் சில காளான்கள் இப்படியே சேர்த்துக்கொள்ளும். ஆலைக் கழிவு மண்ணிலும் பரபரப்பான சாலையோரத்திலும் முளைத்தவற்றை, உண்ணத்தக்க இனம் என்று உறுதியாகத் தெரிந்தாலும், பறிக்காமல் விட்டுவிடுங்கள்.